கரண்ட் இல்லாத நேரத்து வெந்நீர்

இது கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் தாராளமாகப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம். கோட்டுச்சேரியில் அந்த வீடு இன்றைக்கும் இருக்கிறது. அந்தக் குளியலறையும் இருக்கிறது. அந்த வீட்டு விஷ்ணுப்ரியா, பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் வாய்விட்டுச் சிரிக்கிற ஆள். காரைக்காலில் ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கும் வேலை. ஊசிக்கும் ரத்தத்துக்கும் முகம் சுளிக்காதவள். அவள்தான் போன கார்த்திகையிலிருந்து சொந்த வீட்டுக் குளியலறைக்குத் தனியாகப் போவதில்லை.

மகள் நித்யஸ்ரீக்கு ஏழு வயது. மழைக்காலம் வந்தால் போதும், நெஞ்சில் விசில் அடிக்க ஆரம்பித்துவிடும். பச்சைத் தண்ணீர் கூடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தினமும் அடுப்பில் வெந்நீர் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடுவது பெரிய பாடாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவள் கணவன் கலைவாணன் ஆன்லைனில் அந்த ஹீட்டர் ஷவரை வாங்கினான். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் பக்கம் அவனுக்கு வேலை. கரிப்பொடியோடு வருகிறவனுக்கும் வெந்நீர் வேண்டும்தானே.

டேங்க் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஷவரின் தலைக்குள்ளேயே ஹீட்டர். குழாயைத் திறந்தால் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு. கண்ணை மூடித் திறப்பதற்குள் வெந்நீர். எலெக்ட்ரீஷியன் கருப்பையன் வந்து மாட்டிக் கொடுத்தார். சுவிட்சைக் குளியலறைக்கு வெளியே, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைக்கச் சொன்னான் கலைவாணன்.

"தண்ணியும் கரண்ட்டும் ஒண்ணா இருக்குற எடம். பாப்பா தனியா இதத் தொடவே கூடாது, சொல்லிட்டேன்" என்றான். விஷ்ணுப்ரியா அதற்குக் கற்பூரம் அடிக்காத குறையாக மகளிடம் சத்தியம் வாங்கி வைத்திருந்தாள்.

அடுத்த தெருவில் சௌந்தரவல்லி என்று ஒரு தையல்காரம்மா இருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கல்யாணம் ஆகவில்லை, தனியாள். நித்யஸ்ரீயின் கவுன் எல்லாம் அவள் கை தைத்ததுதான். அளவெடுக்கும்போது குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொள்வாள்.

"இவள எனக்கே குடுத்துடேன் ப்ரியா. நான் வளத்துக்கறேன்."

"தூக்கிட்டுப் போங்கக்கா. நானும் ராத்திரியில நிம்மதியா தூங்குவேன்."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். அப்போது அது சிரிப்பாகத்தான் இருந்தது.

கார்த்திகை மாத மழையில் ஒருநாள், தையல் மிஷின்மேல் தலை சாய்ந்தபடியே சௌந்தரவல்லி செத்துப்போனாள். சென்னையிலிருந்து அண்ணன் வர வேண்டும் என்று மறுநாள் மாலைவரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். விஷ்ணுப்ரியா லேப்பில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் போனாள். குழந்தைக்கு விஷயத்தைச் சொல்லவில்லை. அழுதால் மூச்சு இழுக்கும். பெட்டியின் கண்ணாடியில் கை வைத்து அழுதாள். சில்லென்றிருந்தது. ஸ்கூல் வேன் வரும் நேரம் ஆகிவிட்டதால், எடுக்கும்வரை இருக்க முடியாமல் கிளம்பிவிட்டாள். கலைவாணன் வேலையிலிருந்து நேரே சுடுகாட்டுக்குப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தான்.

கேதத்துக்குப் போய்விட்டு வந்தால் நம் பக்கத்தில் என்ன செய்வோம்? கொல்லைப்பக்கமாக வந்து, அங்கேயே தலைக்கு ஊற்றிக்கொண்டு, பிறகுதான் வீட்டுக்குள் கால் வைப்போம். விஷ்ணுப்ரியாவும் இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்காதவள்தான். ஆனால் அன்று கொல்லைச் சந்தில் முழங்கால் தண்ணீர். மழை ஊசியாகக் குத்துகிறது. பல் தந்தி அடிக்கிறது. உள்ளேயோ குழாயைத் திறந்தால் வெந்நீர்.

'இன்னிக்கு ஒருநாள்தானே' என்று நினைத்தாள்.

வாசற்கதவைத் திறந்து, ஹாலைக் கடந்து, படுக்கையறையை ஒட்டிய குளியலறைக்கு நேரே போனாள். இதுதான் அவள் செய்த தப்பு.

சுவிட்சைப் போட்டாள். குழாயைத் திறந்தாள். டக். சிவப்பு விளக்கு எரிந்தது.

தண்ணீர் சில்லென்று விழுந்தது. சாதாரணச் சில்லிப்பு இல்லை, ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஊற்றுகிற மாதிரி. உடம்பு தூக்கிவாரிப் போட்டது. திருகிப் பார்த்தாள், மூடித் திறந்தாள். விளக்கு எரிகிறது, ஹீட்டர் 'உய்ய்' என்கிறது, தண்ணீர் மட்டும் சுடவே இல்லை. காலையில் இதே ஷவரில் குழந்தை ஆவி பறக்கக் குளித்திருந்தது. 'சனியன், ஒரு மாசத்துலயே போச்சா' என்று திட்டிக்கொண்டே இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டாள். சுவிட்சை அணைத்தாள். அணைத்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அவள் புடவை மாற்றிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போயிற்று. மழைக்குத் தெருவே இருட்டு. இன்வெர்ட்டரெல்லாம் அந்த வீட்டில் கிடையாது. மழையில் ஊர்ந்து ஊர்ந்து தாமதமாக வேன் வந்து, நித்யஸ்ரீ உள்ளே ஓடி வந்து, ஹாலில் பையைக் கழற்றினாள். மெழுகுவத்தியை ஏற்றி வைத்துவிட்டு விஷ்ணுப்ரியா அடுப்படியில் பால் காய்ச்சப் போனாள்.

விளக்கு வைக்கிற நேரம். மழை கொஞ்சம் விட்டிருந்தது.

டக்.

பால் பாத்திரத்தைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். ஆனால் கரண்ட் இல்லையே...

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"நித்யா?"

ஹாலில் பை இருந்தது. குழந்தை இல்லை.

ஓடினாள். குளியலறைக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. மேலே சுவிட்சைப் பார்த்தாள். அணைந்துதான் இருந்தது. கீழே கதவிடுக்கில் சிவப்பாக ஒரு வெளிச்சம்... அதோடு ஆவி. சூடான ஆவி, அவள் கால் விரல்களில் பட்டது.

"நித்யா! கதவத் தெறடி! தண்ணிய மூடு, எதையும் தொடாத!"

உள்ளே குழந்தை யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது. கொஞ்சலாக, சிரித்துச் சிரித்து. வாளியிலிருந்து மக்கால் தண்ணீர் மொள்ளும் சத்தம். ஊற்றும் சத்தம். மறுபடி மொள்ளும் சத்தம்.

ஷாக் அடித்துவிடும். ஈரக் கையோடு அதைத் தொட்டால் குழந்தை போய்விடும். விஷ்ணுப்ரியாவுக்கு அப்போது தோன்றியது அது ஒன்றுதான். வாசலுக்கு ஓடி மெயின் சுவிட்சையே கீழே இறக்கினாள். திரும்பி ஓடி வந்தாள்.

சிவப்பு வெளிச்சம் போகவில்லை.

கலைவாணனுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

"சல்மாக்கா! சல்மாக்கா!" என்று ஜன்னல் வழியாக அலறினாள். பக்கத்து வீட்டு உம்மு சல்மா டார்ச்சோடு ஓடி வந்தாள்.

"என்ன புள்ள? என்னாச்சு?"

"பாப்பா உள்ள... ஹீட்டர் ஓடுதுக்கா."

"கரண்ட்டே இல்லியேடி!"

"அதான்க்கா..."

உம்மு சல்மா கதவில் காதை வைத்தாள். அவள் முகம் மாறியது.

உள்ளே குழந்தையின் குரல் தெளிவாகக் கேட்டது.

"கண்ண மூடிக்கோங்க அத்த. சீயக்கா பட்டுடும்."

அந்த வீட்டில் சீயக்காய் கிடையாது. எல்லாருக்கும் ஷாம்புதான். ஊரில் நித்யஸ்ரீ அத்தை என்று கூப்பிடுவதும் ஒரே ஒருத்தியைத்தான்.

இப்போது விஷ்ணுப்ரியா பயந்தது ஷாக்குக்கு இல்லை. 'தூக்கிட்டுப் போங்கக்கா' என்று தன் வாயாலேயே சொன்னோமே... அவள் கதவில் விழுந்து அடித்தாள்.

"அக்கா! வெளையாட்டுக்குச் சொன்னேன்க்கா! என் புள்ளய விட்டுடுங்கக்கா!"

"யா அல்லாஹ்..." என்றாள் உம்மு சல்மா. இரண்டு பேரும் தோளைக் கொடுத்து முட்டினார்கள். கதவு அசையவில்லை.

ஊற்றும் சத்தம்.

மொள்ளும் சத்தம்.

ஊற்றும் சத்தம்...

நின்றது.

சிவப்பு வெளிச்சம் போயிற்று.

தாழ்ப்பாள் மெதுவாக விலகியது.

நித்யஸ்ரீ நின்றாள். யூனிஃபார்மோடு. தலை காய்ந்திருந்தது, உடுப்பில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. முழங்கைவரை மட்டும் நனைந்திருந்தது. விஷ்ணுப்ரியா வாரி எடுத்து நெஞ்சோடு சேர்த்து இறுக்கினாள். மூச்சு இழுக்கவில்லை. விசில் இல்லை. குழந்தை நன்றாகத்தான் இருந்தது.

உம்மு சல்மா டார்ச்சை உள்ளே அடித்தாள். சுவரெல்லாம் ஆவி பூத்திருந்தது. நடுவில் பிளாஸ்டிக் ஸ்டூல். சுற்றிலும் தண்ணீர் ஓடியது. ஸ்டூலின் மேல்பக்கம் மட்டும் காய்ந்திருந்தது, உட்கார்ந்திருந்தவர் இப்போதுதான் எழுந்து போனதுபோல்.

"யாருக்குடி தண்ணி ஊத்துன?"

"தையக்கார அத்தைக்கும்மா. ரொம்பக் குளுருதுன்னாங்க. ஒடம்பெல்லாம் ஐஸு மாதிரி இருந்துச்சு. யாருமே ஊத்த மாட்டேங்கறாங்க, நீ ஊத்துடா தங்கம்னாங்க."

"அப்பறம்?"

"போதும், நான் கெளம்பறேன்னு போய்ட்டாங்க."

உம்மு சல்மா குழந்தையின் கையை இழுத்து முகர்ந்தாள். அப்படியே விஷ்ணுப்ரியாவிடம் நீட்டினாள். எண்ணெயும் சீயக்காயும் கலந்த வாசம்.

கலைவாணன் வந்தபோது கரண்ட் வந்துவிட்டது; மெயின் சுவிட்சை உம்மு சல்மாதான் ஏற்றிவிட்டாள். அவன் முறையாகக் கொல்லைப்பக்கம் வந்து நின்றான். விஷ்ணுப்ரியா துண்டும் வேட்டியும் கொண்டுபோனாள். நடந்ததைச் சொல்ல வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். பேயறைந்த மாதிரி என்று சும்மா சொல்வோமே, அப்படி இருந்தான்.

"என்னங்க? ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?"

"ப்ரியா, அந்தம்மாவ அவங்க குளிப்பாட்டவே இல்ல."

"என்னது?"

"நீ வந்தப்பறம் மழ வலுத்துடுச்சாம். அண்ணன் பொண்டாட்டி, தலவலிக்குது, என்னால பொணத்தத் தொட முடியாதுன்னுட்டாங்களாம். வேற பொம்பளைங்க யாரும் முன்னால வரல. ஐஸ் பெட்டியிலேருந்து அப்படியே வண்டியில ஏத்திட்டாங்க. எண்ண வைக்கல, சீயக்கா வைக்கல. ஒரு சொம்புத் தண்ணி ஊத்தல."

விஷ்ணுப்ரியா குளியலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"சுடுகாட்டுல ஷெட்டுக்குள்ள எறக்கி வச்சிருந்தோம். கூர இருக்கு, ஒரு சொட்டு உள்ள விழல. விளக்கு வைக்கிற நேரம் இருக்கும். கடைசியா மொகம் பாக்கறவங்க பாத்துக்கங்கன்னு துணிய வெலக்குனாங்க..."

அவன் தன் உள்ளங்கையைப் பார்த்தான்.

"தல பூரா ஈரம். முடியிலேருந்து தண்ணி சொட்டுது. மழத் தண்ணியாத்தான் இருக்கும்னு அவங்க அண்ணன் சொன்னாரு. நான் நெத்தியில கைய வச்சுப் பாத்தேன்."

அந்தக் கையை அவளிடம் நீட்டினான்.

"சுடுதண்ணி, ப்ரியா."