வீங்காத கன்னம்

எங்கள் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், காலை வேலை தொடங்குவதே, முந்தின நாள் சீரியலில் யார் யாரை அடித்தார்கள் என்ற பேச்சோடுதான். வறுத்த முந்திரிக்கொட்டையைக் கல்லின் மேல் வைத்து மரக்கட்டையால் உடைப்பதை எங்கள் பக்கம் அண்டி தல்லுவது என்பார்கள். ஆளைப் போட்டு அடிப்பதற்கும் அதே சொல்தான். நாள் முழுக்கத் தல்லிக்கொண்டே தல்லு வாங்கினவர்களைப் பற்றிப் பேசுவோம்.

பேச்சிப்பாறைக்குப் போகிற சாலையில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட கட்டடம் அது. நான் சுசீந்திரத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள் என்பதால் அங்கே எனக்குச் சுசீந்திரத்துக்காரி என்று பெயர். எனக்கு வலது பக்கம் பெரியக்கா. எங்களில் மூத்தவள். ஒரு சீரியலையும் விடமாட்டாள். எதிரே தேங்காப்பட்டணத்துக்காரி. கணவர் துபாயில் இருக்கிறார். அவள் வீட்டில் சீரியலுக்கு மதிப்பில்லை. கொலை வழக்குகளைப் பற்றிய ஆவணப்படங்களைப் போனில் பார்ப்பாள், மறுநாள் ஒன்று விடாமல் எங்களுக்குச் சொல்வாள். நாலாவதாக வந்து சேர்ந்தவள் கீரிப்பாறைக்காரி. வந்த புதிதில் வாயே திறக்கமாட்டாள். யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்பி, கேட்கிற வலது காதைக் காட்டுவாள்.

அவள் முதன்முதலாக வாய் திறந்தது ஒரு சீரியல் அறையைப் பற்றித்தான். முந்தின நாள் கதாநாயகியைக் கணவன் கன்னத்தில் அறைந்திருந்தான். அந்த ஒரு அறையை மூன்று பக்கத்திலிருந்து மூன்று தடவை காட்டினார்கள், நடுவில் இடி வேறு இடித்தது.

"என்ன அடி அடிச்சான் பாத்தியளா. எனக்கு நெஞ்சு பதறிப்போச்சு. இருந்தாலும் அவளும் கொஞ்சம் வாய அடக்கியிருக்கலாம்" என்றாள் பெரியக்கா.

"பின்ன வாய் எதுக்கு இருக்கு? நானாயிருந்தா அண்ணைக்கே எறங்கிப் போயிருப்பேன்" என்றாள் தேங்காப்பட்டணத்துக்காரி.

கீரிப்பாறைக்காரி கொட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "அது அடியே இல்லக்கா."

நாங்கள் மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தோம்.

"அடி வாங்குனவ கன்னத்துல கைய வச்சிட்டு அப்படி நிக்க மாட்டா. அடுத்த அடி எங்கருந்து வருமுண்டுதான் பாப்பா. கை தன்னால தலைக்குப் போவும். அவன் முடியவும் பிடிக்கல்ல. முதல்ல முடியத்தான் பிடிப்பாவ. பிடிச்சாத்தானே ஓடாம இருப்பா."

பெரியக்கா சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சொன்ன விதம் அப்படி, ஒரு சமையலில் உப்பு குறைவு என்று சொல்வதுபோல. அதன் பிறகு தினமும் அவளிடம் கேட்பது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. மாமியார் மாடிப்படியிலிருந்து தள்ளினால், "படி வேண்டாம்க்கா, சத்தம் கேட்டு ஆள் வரும். குளிமுறிதான் நல்லது, தண்ணிச் சத்தத்துல ஒண்ணும் வெளிய கேக்காது" என்பாள். மறுநாள் கதாநாயகி பூ வைத்துக்கொண்டு வந்தால், "கன்னம் வீங்கவே இல்ல பாருங்க. மூணாம் நாள்தான் கறுக்கும்" என்பாள். எங்கள் வரிசையில் இருந்த மற்ற பெண்களும் அவள் என்ன சொல்கிறாள் என்று காது கொடுத்தார்கள். சிரிப்பு நாளுக்கு நாள் குறைந்தது. இதையெல்லாம் யாரும் டி.வி.யில் பார்த்துப் படித்துவிட முடியாது என்பது எங்களுக்கு மெல்ல மெல்ல உறைத்தது.

ஒருநாள் தேங்காப்பட்டணத்துக்காரி ஓர் ஆவணப்படத்தின் கதையைச் சொன்னாள். வேறு ஏதோ நாட்டில் நடந்தது. ஒருவன் மனைவியை வருஷக்கணக்கில் அடித்துக் கடைசியில் கொன்று, வீட்டுத் தோட்டத்தில் புதைத்து, அதன் மேல் செடி நட்டு, மறுநாள் காலையில் வேலைக்கும் போயிருக்கிறான். எங்களுக்குள் வாக்குவாதம் தொடங்கியது. அவள் போலீசிடம் சொல்லியிருக்க வேண்டும் என்றாள் தேங்காப்பட்டணத்துக்காரி. அம்மா வீட்டுக்குப் போயிருக்கலாம் என்றேன் நான். பிள்ளைகளுக்காகப் பொறுத்திருப்பாள், பாவம் என்றாள் பெரியக்கா.

"அயல்வீட்டுக்காரவங்கள காட்டினாவளா?" என்று கேட்டாள் கீரிப்பாறைக்காரி.

"காட்டினாவ. ஒரு வயசான பொம்பள. நல்லா தலை சீவி, சாயம்லாம் பூசிட்டு இருந்து அழுதா. ராத்திரியெல்லாம் சத்தம் கேக்குமாம். அவங்க குடும்பக் காரியமுண்டு இருந்துட்டாளாம்."

கீரிப்பாறைக்காரி கட்டையைக் கீழே வைத்தாள். "செத்த பெறவு கேமராவுக்கு முன்னால இருந்து அழுகதுக்கு, அண்ணைக்கு அந்தக் கதவத் தட்டி ஒரு கப்பு சீனி கேட்டிருந்தா போதும். அவனுக்க கை நிண்ணிருக்கும்."

பெரியக்காதான் கேட்டாள். "ஏட்டி, உனக்க மாப்ள உன்ன அடிக்கானா?"

அவள் ரவிக்கைக் கையை மேலே ஏற்றினாள். தோளில் வளைந்த தழும்பு ஒன்று இருந்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற கத்தி பட்டையில் விடுகிற அதே வளைவு. அவள் கணவன் பால் வெட்டுகிறவன்.

"போன வாரம் டி.வி.யையும் அடிச்சு ஒடச்சிட்டான். இனி நீங்க சொல்லித்தான் எனக்குக் கதை" என்றாள்.

அன்றிலிருந்து பெரியக்கா ஒரு வேலை செய்தாள். சீரியல் முடிந்ததும் தினமும் அவளுக்குப் போன் போட்டு அன்றைய கதையைச் சொல்வாள். கதை ஒரு சாக்குதான். மணி அடிக்கிற நேரத்துக்காவது அவன் கை நிற்கும் என்பது எண்ணம். சில நாட்கள் நின்றது. பிறகு அவன் போனைத் தரையில் எறிந்து மிதித்தான். மறுநாள் காலையில் அவள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு தேங்காப்பட்டணத்துக்காரியின் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அந்த வாரத்திலேயே அவன் அண்டி ஆபீஸுக்கு வந்தான். நான் மனதில் வரைந்து வைத்திருந்த ஆளே இல்லை அவன். ஒல்லியான தேகம், சவரம் செய்த முகம், வெளுத்த வேட்டி. குடித்திருக்கவில்லை. வாசலில் நின்ற காவல்காரரிடம், மனைவியிடம் ஒரு வார்த்தை பேசவேண்டும் என்று பணிவாகக் கேட்டு உள்ளே வந்தான்.

"வா, வீட்டுக்குப் போவம். பிள்ளையையும் விளிச்சிட்டு வா."

"வரல்ல."

"எல்லாரும் பாத்துட்டிருக்காவ. எழும்பி வா."

"பாக்கட்டு."

அவன் சிரித்தான். சிரித்தபடியே குனிந்து அவள் முடியைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினான். அவளை உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து இழுத்து, உடைந்த கொட்டைத் தோடுகளின் மேல் தரதரவென்று கொண்டுபோனான். போகிற வழியில் ஒரு கல்லின் மேலிருந்த கட்டையை எடுத்தான். அவள் கை, அவளே சொன்னதுபோல, தன்னால் தலைக்குப் போனது. முதல் அடி அந்த முன்கையில் விழுந்தது. கொட்டை உடைகிற சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். இது அதைவிடக் கனமானது, ஈரமானது. இரண்டாவது அடி தோளில். மூன்றாவது முதுகில். அவள் அலறவில்லை. மூச்சை மட்டும் உள்ளே இழுத்து இழுத்து விட்டாள்.

அந்தக் கூரைக்குக் கீழே இருந்த பெண்கள் எல்லோர் கையிலும் கட்டை இருந்தது. ஒருவரும் அசையவில்லை. சீரியல் என்றால் யாராவது நிறுத்து என்று கத்தியிருப்பார்கள்.

பெரியக்காதான் முதலில் எழுந்தாள். கொட்டை எண்ணெய் பட்டுக் கை பொத்துப்போகாமல் இருக்க நாங்கள் பூசிக்கொள்ளும் சாம்பல், சட்டியில் இருந்தது. சட்டியோடு தூக்கி அவன் முகத்தில் வீசினாள். அவன் முடியை விட்டுவிட்டுக் கண்ணைப் பொத்தினான். நான் போய் என் கட்டையால் அவன் கால் முட்டில் ஓங்கி அடித்தேன். அவன் மடங்கி விழுந்தான். அதற்குப் பிறகு யார் அடித்தார்கள், யார் அடிக்கவில்லை என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. காலில், இடுப்பில், கையில், வாயில் அடி விழுந்தது. அவன் உருண்டான், பெண்களின் கால்களுக்கு நடுவே நுழையப் பார்த்தான், அங்கேயும் அடி விழுந்தது. நானும் நிறுத்தவில்லை. அடிக்க அடிக்க என் கை லேசாகிக்கொண்டே போனது. அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன்.

நிறுத்தியது கீரிப்பாறைக்காரிதான். தேங்காப்பட்டணத்துக்காரியின் மடியில் கிடந்தபடி, "போதும்க்கா. செத்துப்போவான். பெறவு உங்களப் பிடிச்சிட்டுப் போவாவ" என்றாள்.

நாங்கள் விலகினோம். அவன் வாயிலிருந்து இரத்தம் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. தோட்டுக் குவியலின் ஓரத்தில் ஒரு பல் கிடந்தது. நான் பின்பக்கம் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

இரண்டு பேரையும் ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவள் கையில் எலும்பு இரண்டாக முறிந்திருந்தது, தகடு வைத்தார்கள். அவனுக்கு முட்டும் விலா எலும்பும். போலீஸ் இரண்டு பக்கத்துப் புகாரையும் வாங்கிக்கொண்டது. அவன்மேல் ஒரு வழக்கு, எங்கள்மேல் ஒரு வழக்கு.

அதோடு முடியவில்லை. சரக்கு ஏற்ற வந்திருந்த ஒருவர் சன்னல் வழியாகப் போனில் படம் எடுத்திருந்தார். சத்தம் கேட்ட பிறகுதான் அவர் எடுக்கத் தொடங்கியதால் அவன் அடித்தது அதில் இல்லை. நாங்கள் அடித்தது முழுக்க இருந்தது. இரண்டே நாளில் அது மாவட்டம் முழுக்கப் போன் போனாகச் சுற்றியது. யாரோ அதற்குப் பின்னணி இசை சேர்த்து, நான் முட்டில் அடிப்பதை மட்டும் மெதுவாக ஓடவிட்டுத் திரும்பத் திரும்பக் காட்டியிருந்தார்கள். கீழே ஆளாளுக்கு அபிப்பிராயம் எழுதினார்கள். பெண்களா பேய்களா என்று ஒருவர். அவளுக்கு வேறு தொடர்பு இருக்கும் என்று ஒருவர். சபாஷ் என்று சிலர். இது எடுத்த நாடகம், சரியாக நடிக்கவில்லை என்று ஒருவர். பெரியக்காவின் மகன் சவுதியிலிருந்து கூப்பிட்டு, "அம்மா, சாம்பல எறிஞ்சது நீதானா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாளாம்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் ஒருநாள் எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்கள்.

"அந்த நீலச் சேலைக்காரி அடிக்கத பாரேன். நல்ல குடும்பத்துல பிறந்தவ இப்படி அடிப்பாளா?"

"சீரியல் பாத்துப் பாத்துப் படிச்சிருப்பாளுவ."

நான் திரும்பினேன். "நீலச் சேலைக்காரி நான்தான். அவன் முதல்ல அடிச்சது இதுல இல்ல. அந்தப் பொண்ணுக்க கை ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்கா. அங்கதான் போறேன். பாக்கணுமுண்டா வாங்க."

ஒருத்தி அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள். மற்றவள் கடைசிவரை என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் ஆசாரிபள்ளத்தில் நான் இறங்கியபோது அவளும் இறங்கினாள். வாசல் கடையில் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு என் பின்னாலேயே வார்டுக்கு வந்தாள். கட்டிலருகே கொஞ்சநேரம் நின்றாள். "வலி இருக்கா மக்கா?" என்று கேட்டாள். கீரிப்பாறைக்காரி இருக்கிறது என்று தலையாட்டினாள். வந்தவள் ஆரஞ்சை வைத்துவிட்டுப் போய்விட்டாள். போனிலிருந்து அந்தப் படத்தை அழித்தாளா என்று எனக்குத் தெரியாது.

முதலாளி எங்களை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. இனிமேல் இங்கே சீரியல் பேச்சே கூடாது என்று மட்டும் சொன்னார். சில நாள் அதற்குக் கட்டுப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தோம். கட்டைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பதைப் பெரியக்காவால் தாங்க முடியவில்லை, மறுபடியும் தொடங்கிவிட்டாள்.

கீரிப்பாறைக்காரியின் கை முழுதாக நீட்ட வராது. தல்லுகிற வேலை இனி முடியாதென்று அவளை முந்திரிப்பருப்பு தரம் பிரிக்கிற மேசைக்கு மாற்றியிருக்கிறார்கள். தேங்காப்பட்டணத்துக்காரியின் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்து மகளோடு இருக்கிறாள். அவன் ஜாமீனில் வெளியே வந்து, ஒரு காலை இழுத்து இழுத்து மறுபடியும் பால் வெட்டப் போகிறான் என்று கேள்வி. அவள் இருக்கும் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு இருக்கிறது. இருந்தாலும் வெளியே மோட்டார் பைக் நின்றால் அவள் தலை வாசலுக்குத் திரும்புகிறது.

இரண்டு வழக்கும் நடக்கிறது. கூப்பிடுகிற நாளில் நாங்கள் நாலு பேரும் ஒரே பஸ்ஸில் போகிறோம். போனமுறை அவன் பக்கத்து வக்கீல் என்னிடம், "ஏம்மா, கீழ விழுந்த ஆள ஏன் அடிச்சீங்க?" என்று கேட்டார்.

"எழும்பினா மறுபடியும் அவளத்தான் அடிப்பான் சார்" என்றேன்.

அவர் குறித்துக்கொண்டார். திரும்பி வருகிற பஸ்ஸில் உட்கார இடமில்லை. கீரிப்பாறைக்காரி நல்ல கையால் கம்பியைப் பிடித்து நின்றாள். மற்ற கையில் ஆள் இடிக்காதபடி நாங்கள் மூன்று பேரும் அவளைச் சுற்றி நின்றுகொண்டோம்.