உதட்டுக் கொப்புளமும் சித்தப்பாவின் வைத்தியமும்

தங்கை மகளுக்குக் காதுகுத்து. பதினோரு மாதக் குழந்தை. தாய்மாமன் நான்தான் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மூன்று நாள் இருக்கையில் என் கீழுதட்டு ஓரம் சுருசுருவென்று எரிந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் கொத்தாக நாலைந்து நீர்க்கொப்புளம். குழந்தையைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. போட்டோவில் இந்த உதடு விழுமே என்பதுதான் என் அற்பக் கவலை.

விசேஷத்துக்காக வேடசந்தூரிலிருந்து சித்தப்பா வந்து இறங்கியிருந்தார். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் செல்போனில் வீடியோ பார்த்தே வைத்தியரானவர். தன் முழங்கால் வலிக்கு மட்டும் மதுரையில் பெரிய டாக்டரைப் பார்ப்பார்.

"பல்லி மூத்திரம் பட்டிருக்குடா அப்பு. வெள்ளப்பூட்ட நசுக்கி உப்போட வையி. செத்த நேரத்துல அமுங்கிரும்."

அமுங்கவில்லை. அடுத்து பற்பசை. அதற்கும் அடங்காததால் சுண்ணாம்பு. சாயங்காலம் தோல் வெந்து உதடு வீங்கிவிட்டது.

"விஷம் வெளிய வருது, நல்லதுதான்" என்றார். குணமானாலும் வெற்றி, வெந்தாலும் வெற்றி. அவர் வைத்தியத்துக்குத் தோல்வியே கிடையாது. ஒரு டிகிரி வாங்கிய நானும் உதட்டை நீட்டிக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன் பாருங்கள், அதை நினைத்தால்தான் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மருந்துக்கடைக்குப் போனேன். அங்கிருந்த பெண் என் உதட்டைப் பார்த்ததுமே, "சுண்ணாம்பாண்ணே?" என்றாள். தலையாட்டினேன்.

"சுருசுருன்னு ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா களிம்பு போட்டு சீக்கிரம் ஆத்தியிருக்கலாம். இனி ஒரு வாரம், பத்து நாளு ஆகும். ஐஸைத் துணியில சுத்தி ஒத்தடம் குடுங்க. கிள்ளாதீங்க, துண்டத் தனியா வைங்க. வீட்டுல கைக்குழந்தை இருக்கா?"

"இருக்கு."

"முத்தம் குடுத்துராதீங்க. ஒங்களுக்கு இது வெறும் புண்ணு. புள்ளைக்கு ஒட்டுச்சுன்னா பெரிய வெனை."

வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"நேத்து பூராம் தூக்கி வச்சிருந்தியே! கொஞ்சுனியா?"

கொஞ்சவில்லை. சுண்ணாம்பு எரிச்சலில் வாயைக் குவிக்கவே முடியவில்லை. அந்த வைத்தியத்தால் விளைந்த ஒரே நன்மை அதுதான். சித்தப்பாவிடம் இதைச் சொல்லக்கூடாது என்று தங்கையிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

காதுகுத்து அன்று கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மாஸ்க் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆசாரி காது குத்தினார். குழந்தை வீறிட்டது.

"ஏலே, அந்த மூஞ்சித்துணியக் கழட்டிட்டுப் புள்ளைக்கு ஒரு முத்தம் குடு. போட்டோக்காரரு நிக்கிறாருல்ல!" என்று கத்தினார் சித்தப்பா.

"முடியாது" என்றேன்.

"தாய்மாமனுக்கு வந்த திமிரப் பாரு" என்றார். கூட்டம் சிரித்தது. நான் மாஸ்க்கை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் பொருக்கு உதிர்ந்தது. பூண்டு கைகண்ட மருந்து என்று சித்தப்பா குடும்ப வாட்ஸ்அப்பில் எழுதினார். பதினேழு பேர் கைகூப்பியிருந்தார்கள்.

தங்கை மட்டும் ஒன்றும் எழுதவில்லை. இரண்டு வாரம் தினமும் காலையில் மகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உதட்டைப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. அதன் பிறகுதான் என்னோடு பழையபடி பேசினாள்.