கையைப் பின்னால் கட்டிக்கொள்ளும் அக்கா

என் அக்காவை எல்லாரும் ஆணியக்கா என்பார்கள். நூலகத்தின் கீழ்த்தளத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பொதுப் பட்டறை நடத்துகிறாள். சக்கர நாற்காலிக்காரர் வந்தால் மேசைக் காலை அறுத்துத் தாழ்த்துவாள்; எண் தெரியாதவர் வந்தால் அளவுகோலில் வண்ணக் கோடு போட்டுக் கொடுப்பாள். யாரையும் திருப்பி அனுப்பியதில்லை, என்னைத் தவிர. சொல்லிக்கொடுக்கிறேன் பேர்வழி என்று அடுத்தவர் சுத்தியலைப் பிடுங்குகிறேனாம்.

அங்கே ஒரே சட்டம்தான். சொல்லிக்கொடுப்பவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். வாய் மட்டும் வேலை செய்யலாம்.

அன்று பாதுகாப்பு அதிகாரி வந்திருந்தார். பார்வையில்லாத டெலிபோன் ஆபரேட்டரம்மா டிரில்லிங் மெஷின் ஓட்டுவதாக யாரோ மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டார்கள். துணையில்லாமல் ஓட்டிக் காட்டினால் அனுமதி. இல்லையென்றால் பார்வையில்லாத ஒருவரும் இனி மெஷின் பக்கம் வரக் கூடாது. உள்ளே வர அனுமதியில்லாத நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேட்டரம்மா இரும்புத் தகட்டை வைத்து, அதை அசையாமல் பிடிக்கும் கிளாம்ப்பைத் திருகினார். அது சரியாக இறுகவில்லை, தகடு ஆடியது. அப்படியே மெஷின் ஓடினால் தகடு சுழன்று விரலைச் சீவிவிடும். அவர் கை சுவிட்சை நோக்கிப் போனது. அக்கா பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"யாரது, அக்காவா?" அவர் கோபத்தோடு கையை உதறிக்கொண்டார். "முதல்ல சுவிட்ச் எங்கன்னு தொட்டுப் பாத்துட்டு, அப்புறம்தான கிளாம்ப்ப ஆட்டிப் பாப்பேன்? நீங்க சொல்லிக்கொடுத்த வரிசைதான அது?"

அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"துணை வேணும்னு எழுதிடறேம்மா."

"எழுதாதீங்க சார். பயந்தது நான், அவங்க இல்ல. நான் வெளிய போயிடறேன். மறுபடி பாருங்க."

என்னையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். உள்ளே சத்தமே இல்லை. பிறகு மெஷின் இரைந்தது. சட்டென்று நின்றது. அக்காவின் கை கதவுப் பிடிக்குப் போனது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்; சில்லென்று இருந்தது. மெஷின் மறுபடி இரைந்தது.

கதவு திறந்தது. "அனுமதியில கையெழுத்துப் போட்டாச்சும்மா" என்று சொல்லிவிட்டு அதிகாரி படியேறிப் போனார். பின்னால் வந்த ஆபரேட்டரம்மா அக்காவின் உள்ளங்கையைத் தடவித் தேடி, நான்கு துளை போட்ட தகட்டை அதில் வைத்தார். இன்னும் சூடு ஆறவில்லை.

"நாளைக்கு வருவேன்க்கா. ஆனா நான் மெஷின்ல நிக்கும்போது நீங்க வெளிய நிக்கணும்."

அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. "சரிம்மா" என்றாள்.