அபுதாஹிர் மேஸ்திரி குழிக்குள் இறங்கிய நாள்

பம்பாய் தாராவியில் அந்தத் தோல் பதனிடும் ஷெட்டுக்குள் அபுதாஹிர் மேஸ்திரியின் செருப்புச் சத்தம் கேட்டால் பேச்சு அறுந்துவிடும். மேலப்பாளையத்திலிருந்து பிழைக்க வந்தவர். முதலில் வேலை பார்த்த இடத்தில் ஒரு கங்காணி தோல் வாரால் அடித்துத்தான் தொழில் கற்றுக்கொடுத்தான். அபுதாஹிர் யாரையும் அடித்ததில்லை. குரலே போதும். தண்ணீர் குடிக்க நின்றவனையும், தாமதமாக வந்தவனையும், கத்தியைக் கீழே போட்டவனையும் ஒரே மாதிரி விரட்டுவார். ஆட்கள் தலை நிமிராமல் வேலை செய்வதை மரியாதை என்றே நினைத்திருந்தார்.

எண்பத்து மூன்றாம் வருஷம் மழை ஓய்ந்த கையோடு, ஷெட்டின் பின்னாலிருந்த கழிவுக் குழி நிரம்பிவிட்டது. ஒன்றரை ஆள் ஆழம். சுண்ணாம்பும் மயிரும் அழுக்குத் தண்ணீரும் அடியில் சேறாக உறைந்து கிடக்கும். மேல் தண்ணீரை இறைத்துவிட்டு, ஒருவன் இறங்கிச் சேற்றை வாரிக் கொடுக்க வேண்டும். விஷவாயு போகட்டும் என்று காலையிலேயே பலகைகளை எடுத்துக் குழியைத் திறந்து போடச் சொன்ன அபுதாஹிர், மதியத்துக்கு மேல் இசக்கியை இறங்கச் சொன்னார்.

இசக்கி வாலிபப் பையன். அண்ணன் பூதத்தானோடு நாங்குநேரிப் பக்கமிருந்து வந்தவன். நாலைந்து வாளி வாரினான். பிறகு ஏணியில் பாதி ஏறி வந்து, மேலே வாளி வாங்கிக்கொண்டிருந்த அண்ணனிடம் ஏதோ முனகினான்.

தூரத்திலிருந்து அதைக் கண்ட அபுதாஹிர், "ஏலே, அங்க என்னலே பேச்சு?" என்று ஒரு சத்தம் போட்டார். இசக்கி மறுபேச்சில்லாமல் இறங்கிவிட்டான்.

அடுத்த வாளி வரவில்லை. பூதத்தான் தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். எட்டிப் பார்த்தால், இசக்கி சேற்றில் சாய்ந்து கிடந்தான்.

பூதத்தான் ஏணியில் கால் வைப்பதற்குள் அபுதாஹிர் ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். சேற்றைக் கிளறியதில் அடியில் அடைபட்டிருந்த வாயு கிளம்பிவிட்டது என்று அவருக்குப் புரிந்துபோயிற்று. இளவயதில் வேறொரு ஷெட்டில், விழுந்தவனைத் தூக்க இறங்கியவனும், அவனைத் தூக்க இறங்கியவனும் செத்ததைக் கண்ணால் பார்த்தவர். இறங்காதே என்று கத்தினார். ஆனால் அன்றாடம் ஒன்றுமில்லாததற்கெல்லாம் அதே குரலில்தான் கத்தியிருந்தார். இன்றைக்குக் கத்துவது உயிருக்காக என்பது யார் காதிலும் ஏறவில்லை. பூதத்தான் அவர் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். இன்னும் மூன்று பேர் குழியைப் பார்த்து ஓடிவந்தார்கள். ஒருவன் முகத்திலும் பயமில்லை. பயம் போனபின் அவர் பேச்சைக் கேட்க அவர்களுக்கு வேறு காரணமும் இல்லை.

"மூச்சு முட்டுதுன்னு அப்பமே சொன்னான் வே," என்றான் பூதத்தான். "மேஸ்திரிட்ட சொல்லுலேன்னேன். நீரு ஏசுவீருன்னு திரும்ப எறங்கிட்டான்."

அபுதாஹிர் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த கயிற்றை எடுத்துத் தன் இடுப்பில் கட்டினார். குரல் தானாகத் தாழ்ந்திருந்தது.

"நீ எறங்குனா ரெண்டு மையத்து. நான் எறங்குதேன். இந்தா, இதப் புடி. விழுந்துட்டேன்னா இழு."

கயிற்றின் நுனியை அவன் கையில் திணித்தார். பூதத்தான் அவர் முகத்தையே பார்த்தான். பிறகு பிடித்துக்கொண்டான். இன்னொரு கயிற்றில் சுருக்குப் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டு, அதன் மறுமுனையை மற்ற மூவரிடமும் கொடுத்தார்.

மூச்சை நிறைய இழுத்து அடக்கிக்கொண்டு இறங்கினார். கண் எரிந்தது. இசக்கியின் கக்கத்தில் சுருக்கை நுழைத்தபோது சேற்றில் வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது. மாட்டியபோது காதுக்குள் ஒரே இரைச்சல். கயிற்றை ஆட்டியதும் இசக்கி மேலே போனான். அவர் ஏணியைப் பிடித்தார். அடக்கிய மூச்சு அப்போதுதான் உடைந்து, ஒரு வாய்க் காற்று உள்ளே போய்விட்டது. முழங்கால் மடங்கியது. இடுப்புக் கயிறு தளர்ந்து தொங்கியது. மேலே எல்லாரும் இசக்கியைச் சூழ்ந்து நின்று அவனை உலுக்கும் சத்தம் கேட்டது. பூதத்தான் கயிற்றை விட்டுவிட்டான் என்று நினைத்தார். கோபம்கூட வரவில்லை.

பிறகு கயிறு இறுகி இடுப்பை அறுத்தது.

இசக்கியை டாக்ஸியில் போட்டு சயான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டான், ஆனாலும் பல மாதம் தலைவலி, படி ஏறினால் இளைப்பு. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், வேலை முடிந்ததும் அபுதாஹிர் போய்க் கட்டிலருகே உட்காருவார். அவர் தலை தெரிந்தாலே பூதத்தான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவான்.

இனி அந்தக் குழிக்குள் ஆள் இறங்காது, பம்பு வேண்டும் என்று ஷெட் முதலாளி சேட்டிடம் போய் நின்றார். ஆட்களுக்கு உன்னிடம் பயம் விட்டுப்போயிற்று, இனி எப்படி வேலை வாங்குவாய் என்று சேட் திருப்பிக் கேட்டார்.

"பயந்ததுனாலதான் சேட், அவன் உள்ளயே நின்னான்," என்றார் அபுதாஹிர்.

பம்பு வந்தது. ஆனால் கத்தாமல் வேலை வாங்க அவருக்குத் தெரியவில்லை. ஏச்சு தொண்டைவரை வரும், விழுங்குவார். சிலர் அதையே சாக்காக வைத்துத் தாமதமாக வந்தார்கள். வீட்டில் மனைவி ஆபிதாவிடம், நாளைக்குப் பழையபடி ஆரம்பிக்கப்போகிறேன் என்று புலம்புவார். விடிந்து ஷெட்டுக்குள் போனால் வாய் வராது. உடம்பு தேறிய இசக்கி, யாரும் கூப்பிடாமலேயே திரும்பி வந்து வேலையில் சேர்ந்துகொண்டான்.

பூதத்தான் வரவில்லை. தேவ்நார் பக்கம் வேறு வேலை தேடிக்கொண்டான். ஒரு வருஷம் போல் கழித்து, நெரிசலான பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்க நேர்ந்தது. அன்றைக்குக் கயிறு ஏன் தளர்ந்தது என்று கேட்க அபுதாஹிருக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. பூதத்தானும் சொல்லவில்லை. வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார்கள். அவன் இறங்கும் இடம் வந்ததும், வாரேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனான்.