அண்ணாந்து குடித்த தண்ணீர்

எங்கள் அல்சூர் வீட்டுப் பரணில் ஒரு கித்தான் தண்ணீர்ப் பை கிடக்கிறது. அந்தக் காலத்தில் நெடுந்தூரம் போகிற வண்டிகளின் முன்பக்கத்தில் இதைக் கட்டித் தொங்கவிடுவார்கள். துணியில் தண்ணீர் கசிந்து, காற்றுப் பட்டு, உள்ளே இருப்பது சில்லென்று ஆகிவிடும். என் தம்பிக்கு அதன்மேல் அப்படியொரு பிரியம். இங்கே வரும்போதெல்லாம் அதை இறக்கித் தூசி தட்டி, பேரப்பிள்ளைகளை உட்கார வைத்துக் கதை சொல்வான். "பாலைவனத்துல நாக்கு வறண்டு செத்திருக்க வேண்டியவன்டா நான். யாரோ ஒரு அம்மா தண்ணி குடுத்தாங்க. அக்காதான் ஓடிப்போய் வாங்கி என் வாயில ஊத்தினா." பிள்ளைகள் என்னைப் பெருமையாகப் பார்க்கும். நானும் சிரித்து வைப்பேன். அறுபது வருஷமாக அப்படிச் சிரித்துக்கொண்டிருக்கிறேன், வெட்கங்கெட்டவள்.

அப்பா பட்டாளத்தில் வண்டி பழுதுபார்க்கிறவர். அறுபதுகளின் தொடக்கத்தில் அவரை ஜோத்பூருக்கு மாற்றியிருந்தார்கள். பெரிய லீவில் அம்மா, நான், தம்பி மூவரும் ரயிலேறிப் போனோம். எனக்குப் பதினொன்று, அவனுக்கு ஐந்து. ஜெய்சல்மேர் கோட்டையைக் காட்டுகிறேன் என்று அப்பா யாரிடமோ ஒரு பழைய ஜீப்பைக் கேட்டு வாங்கி வந்தார். "இந்த வெயில்லயா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். விடியும் முன்பே கிளம்பிவிட்டோம். சூரியன் ஏற ஏறப் பாதை மணலுக்குள் காணாமல் போவதும் மறுபடி தலைகாட்டுவதுமாக இருந்தது. மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை, முள்ளுப் புதர்தான். உச்சிவேளையில் ரேடியேட்டர் குழாய் விட்டுப்போய், இருந்த தண்ணீரெல்லாம் ஆவியாகப் போயிற்று. அப்பா குழாயைத் துணி சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டு, வண்டி முன்னால் தொங்கிய கித்தான் பையிலிருந்ததை முழுக்க ரேடியேட்டரில் ஊற்றினார். அதுவும் போதவில்லை.

ஜீப்பின் நிழலில் உட்கார்ந்திருந்தோம். முதலில் அழுதுகொண்டிருந்த தம்பி பிறகு அழவும் இல்லை. உதடு வெடித்து, கண் செருகிக் கிடந்தான். அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டாள்.

அப்போதுதான் அந்தம்மா வந்தாள். தலையில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பானை, கையில் ஒரு பித்தளைக் கிண்ணம். எங்கிருந்து வந்தாளோ, எத்தனை மைல் நடந்தாளோ. தம்பியைப் பார்த்ததும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பானையை இறக்கிக் கிண்ணம் நிறைய மொண்டாள். தன் வாயில் வைத்து ஒரு மடக்குக் குடித்தாள். தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டே அதை என்னிடம் நீட்டினாள். அந்தப் பக்கத்துக் கிணறுகள் பாதி உப்பு. இது நல்ல தண்ணீர்தான் என்று காட்டக் குடித்தாளாம், அப்பா பிறகு சொன்னார். எனக்கு அது எங்கே தெரிந்தது? வீட்டில் "அண்ணாந்து குடி, எச்சி பண்ணாதே" என்று கேட்டே வளர்ந்தவள். வாங்கினேன். "சீ, எச்சி!" என்று அப்படியே மணலில் கொட்டிவிட்டேன்.

எச்சில் மட்டும்தானா? இந்த வயதில் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. அல்சூரில் கொல்லைப்புறம் கூட்ட வருகிற அம்மாளுக்கு எங்கள் வீட்டில் தனி டம்ளர் உண்டு. அது எங்கே கவிழ்த்து வைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். யாரோ எவளோ என்ற அந்த எண்ணமும் என் கையில் இருந்தது.

தண்ணீர் விழுந்த இடம் ஒரு நொடி கறுத்தது. தம்பி தவழ்ந்து வந்து அந்த ஈர மண்ணை அள்ளி வாயில் போட்டுக்கொண்டான்.

அம்மா "ஐயோ பாவி!" என்று அலறினாள். அந்தம்மா அலறவில்லை. என்னையும் கொட்டிய இடத்தையும் பார்த்தாள். சட்டென்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அதுதான் என்னைக் கொன்றது; இந்த மாதிரி அவளுக்குப் புதிதில்லை போல. தம்பியின் வாயை விரலால் வழித்துவிட்டு, கிண்ணத்தை மறுபடி நிரப்பி, உதட்டில் படாமல் உயரத் தூக்கி அவன் வாயில் ஊற்றினாள். எனக்கும் அப்படியே ஊற்றினாள். நான் அண்ணாந்து குடித்தேன். குடித்தேனே! அப்பா மட்டும் கிண்ணத்தைக் கையில் வாங்கி, வாய் வைத்துக் குடித்தார்.

ஒரு பானையை ரேடியேட்டருக்கும் மற்றதை எங்கள் கித்தான் பைக்கும் கவிழ்த்துவிட்டு, வெறும் பானைகளோடு வந்த வழியே திரும்பி நடந்தாள். அப்பா அன்று என்னைத் திட்டவில்லை. பளாரென்று ஒரு அறை விட்டிருந்தால் தேவலை.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்ன நினைவிருக்கும் என்று நான் தைரியமாக இருந்துவிட்டேன். போன மாதம் தம்பி வந்து வழக்கம்போல் பையை இறக்கிக் கதையை ஆரம்பித்தான். "அக்காதான் ஓடிப்போய் வாங்கி..." என்றதும் எனக்கு என்ன வந்ததோ, "வாங்கினேன். வாங்கிக் கீழே கொட்டினேன்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், டம்ளர் உட்பட.

பிள்ளைகளில் சின்னவள்தான் கேட்டாள்: "அப்போ அவங்க வீட்ல அன்னிக்குத் தண்ணிக்கு என்ன பண்ணாங்க?"

அறுபது வருஷத்தில் நான் ஒருநாளும் யோசிக்காத கேள்வி அது.

"திரும்ப கிணத்துக்கே போனாங்க கண்ணு," என்றான் தம்பி. "அவங்க மறையிற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"உனக்கு ஞாபகம் இருக்காடா?"

"மண்ணு இன்னும் பல்லுல நறநறங்குதுக்கா."

"அப்புறம் ஏன்டா இத்தனை வருஷமா இப்படிச் சொன்னே?"

"என்னிக்காவது நீயே சொல்லுவேன்னுதான்."

வழக்கமாகப் பையை அவனே பரணில் ஏற்றிவிடுவான். அன்று என் மடியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டான்.