ஈரச்சாக்கு

நேற்று மழையில் நனைந்த சாக்கு ஒன்றை வெயிலில் விரித்தேன். அந்த வாடையில், போடியிலிருந்து மேட்டுக்கு ஏறும் மலைரோடும், பாதி வளைவில் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிடும் அப்பாவின் பழைய ஜீப்பும் வந்துவிட்டன.

பள்ளிக்கூட லீவில் நானும் கூடப் போவேன். வண்டி நின்றதும் சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு, ஏலக்காய்ச் சாக்கை ஓடைத்தண்ணீரில் முக்கியெடுத்து, உள்ளே தளதளவென்று கொதிக்கிற சத்தம் அடங்கட்டும் என்று அப்பா காத்திருப்பார். பின்னால் உட்கார்ந்திருக்கும் தோட்டத்துப் பெண்கள் இறங்கி வந்து அவசரப்படுத்துவார்கள்.

"வெரசா மூடியத் தெறங்கண்ணே, சோலிக்கு நேரமாச்சு."

"தள்ளி நில்லு ஆத்தா" என்று என்னை அதட்டிவிட்டு, ரேடியேட்டர் மூடிமேல் ஈரச்சாக்கைப் போட்டு, முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டு மெல்லத் திருகுவார். உஸ்ஸென்று வெந்நீர் சாக்கையும் மீறிப் பீறிடும். நான் கண்ணை மூடவே மாட்டேன். மூடினால் அப்பா வெந்துபோவார் என்று நினைப்பு.

ஆவி அடங்கியபின், எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றுவார்.

"அண்ணனுக்குப் பயமே கெடையாது" என்று அந்தப் பெண்கள் சிரிப்பார்கள். அவர்கள் நின்ற இடத்திலிருந்து அப்பாவின் முதுகுதான் தெரியும். உதடு நடுங்குகிற அந்த முகத்தை நான் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.