வளைவுக்கு அந்தப் பக்கம்

அவருக்குச் 'சரியண்ணன்' என்று பெயர் வந்ததே ஒரு நோட்டுப் புத்தகத்தால்தான். ரயில் நிலையத்திலிருந்து ஆலைக்குப் பிரியும் சைடிங் பாதையை முழுக்க நடந்து பார்த்து, தினமும் காலையில் "பாதை சரியாக உள்ளது" என்று எழுத வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அதுதான் வேலை. ஆலைச் சரக்கு லாரிக்கு மாறி, முழங்காலும் மக்கர் செய்ய ஆரம்பித்த பிறகு வளைவு வரைக்கும்தான் போவார். அதற்கப்பால் தண்டவாளம் எங்கே எழுந்து ஓடிவிடப் போகிறது என்று, அங்கிருந்தே எழுதிவிட்டுத் திரும்புவார்.

அன்று காலை எட்டரைக்கு வீட்டிலிருந்த ஸ்டேஷன் போன் அடித்தது. அடுப்படியில் மனைவியின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. கொஞ்ச நாளாகவே போன் அடித்தால் அவளுக்குத் தூக்கிவாரிப் போடும். ரத்தக் கொதிப்பாக இருக்கும் என்று அவர் விட்டுவிட்டார்.

"ஆலைக்குப் பெரிய மெஷின் ஒண்ணு வந்திருக்கு. லாரில ஏறாதாம். ஒன்பதரைக்கு இன்ஜின் வரும். பாதை சரிதானே?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"சரிதான் சார்."

வாய் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகுதான், வளைவுக்கு அந்தப் பக்கம் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்தார். சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி வளைவைத் தாண்டினார்.

தண்டவாளம் இல்லை. அடியில் கிடந்த கட்டைகள்கூட இல்லை. பாதை போன இடத்தில் வரிசையாகக் கத்தரிச் செடிகள், நடுவே துணி காயும் கயிறு.

வேலை போகும். வேலையோடு கொடுத்த வீடும் போகும். ஓய்வுக்கு எட்டே மாதம். எங்காவது ஒளிந்துகொண்டால் என்ன என்று ஒரு நிமிஷம் நினைக்கத்தான் செய்தார், இல்லையென்று சொல்வானேன். அதற்குள் இன்ஜின் ஊதியது. அந்த டிரைவருக்கு மூன்று பிள்ளைகள். கொடியை வீசிக்கொண்டு எதிரே ஓடினார், முழங்காலைக் கேட்கவில்லை.

வளைவுக்கு இருபதடி முன்னால் இன்ஜின் நின்றது. டிரைவர் இறங்கி வந்து தோட்டத்தைப் பார்த்தார்.

"சரியண்ணே, நேத்து ராத்திரி திருட்டுப் போச்சுன்னு எழுதிடுங்க. நான் சாட்சி சொல்றேன்."

"காய் பிடிச்சிருக்கே தம்பி. நேத்து ராத்திரியா நட்டாங்க?"

டிரைவருக்குச் சிரிப்பு வரவில்லை. இன்ஜின் வந்த வழியே பின்னோக்கிப் போயிற்று. சரியண்ணன் வீட்டுக்கு வந்து, ஸ்டேஷன் மாஸ்டருக்குப் போன் போட்டு, வளைவைத் தாண்டாமலே எழுதியதை ஒன்றுவிடாமல் சொன்னார். பிறகு மனைவியிடம் திரும்பினார்.

"வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்க. வளைவுக்கு அந்தப் பக்கம் தண்டவாளமே இல்ல."

"அது போய் ஆறு மாசமாச்சு" என்றாள் அவள். "அங்கதானே கத்தரிக்காய் வாங்குறேன்."

"ஏன் சொல்லல?"

"தினமும் சரின்னு எழுதுறீங்க. தெரிஞ்சேதான் எழுதுறீங்கன்னு நெனச்சேன். உங்க வேலை போயிடுமேன்னு யார்கிட்டயும் மூச்சு விடல. போன் அடிச்சாலே உசிரு போய் உசிரு வரும்."

கரண்டி இன்னும் தரையில் கிடந்தது. அவர் குனிந்து எடுத்தார். ஆறு மாதத்தில் ஒருநாள்கூட, ஏன் பயப்படுகிறாய் என்று அவர் கேட்டதில்லை.